நாடி துடிக்காத மனிதர் நெல்லைக்குத் திரும்பும்போது...

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஒருவரை 108 வண்டியில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மயங்கிக் கிடக்கிறார். மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் எதையும் காட்டாமல் தவிக்கிறது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் 'லப்-டப்' கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல ஒரு 'ம்ம்ம்' சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது. வயிற்றிலிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து, இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டிக்குள் போகிறது. பணியில் இருக்கும் இளம் டாக்டர் என்ன செய்வார்?

வழக்கமான பயிற்சி சொல்வது ஒன்றுதான்: நாடி இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்து. ஆனால் இந்த மனிதரின் ரத்த ஓட்டம் நிற்கவே இல்லை. சர்க்கரை குறைந்துகூட மயங்கியிருக்கலாம். அவருடைய இதயத்தில் பொருத்தப்பட்ட பம்ப் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழன்று ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது சீராகத் தள்ளுவதால்தான் நாடி துடிப்பு கைக்குத் தட்டவில்லை.

இந்தக் கருவியின் பெயர் 'லெஃப்ட் வென்ட்ரிகுலர் அசிஸ்ட் டிவைஸ்'. சுருக்கமாக எல்வேட். தமிழில் இதய உதவி பம்ப் என்று சொல்லலாம். சென்னையில் இது பல ஆண்டுகளாகப் பொருத்தப்படுகிறது. டாக்டர் கே.ஆர்.பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, முதலில் ஃபோர்ட்டிஸ் மலரிலும் பிறகு எம்.ஜி.எம். ஹெல்த்கேரிலும் இதைச் செய்துவந்தது. ஒவ்வொரு முறையும் செய்தி வரும், படம் வரும், 'செயற்கை இதயம் பொருத்திச் சாதனை' என்று தலைப்பு வரும். படத்தில் சிரிக்கும் நோயாளி பிறகு எந்த ஊருக்குப் போனார், அங்கே கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா, கட்டு யார் மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் செய்தியில் வராது.

என் கேள்வி அங்கேதான் இருக்கிறது. பம்பைப் பொருத்துவது சென்னையில் ஒரு நாள் வேலை. அதோடு வாழ்வது அம்பாசமுத்திரத்திலோ ஏரலிலோ பல ஆண்டு வேலை. அந்தப் பல ஆண்டுகளுக்கு நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. பம்பின் விலை குறையும்வரை அந்த ஏற்பாட்டைத் தள்ளிப்போடுவதும் தப்புக்கணக்கு என்பது என் கருத்து.

வயல்காட்டு மோட்டார் மாதிரிதான்... ஆனா பேரிங் கிடையாது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மாரடைப்பும் அதுவும் ஒன்றல்ல. மாரடைப்பில் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. அதில் தசை செத்துப்போய், மிச்சமுள்ள தசை வருஷக்கணக்கில் திணறித் திணறி விரிந்து தளர்ந்துபோவதுதான் ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு. நீண்டகால ரத்த அழுத்தம், வால்வு கோளாறு, வைரஸ் தொற்று, மதுப்பழக்கம், பிரசவம், பரம்பரை என்று வேறு வழிகளிலும் இது வரும். நல்ல இதயம் ஓய்வு நேரத்திலேயே நிமிடத்துக்கு 5 லிட்டர் வாக்கில் ரத்தத்தைத் தள்ளும். தளர்ந்த இதயத்தால் அது முடிவதில்லை. நுரையீரலில் நீர் கோக்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், மாடிப்படி எதிரியாகிவிடும்.

எல்வேட் இந்த இதயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கப்படுவதில்லை. இதயம் அங்கேயே இருக்கும். இடது கீழறையின் நுனியில் ஒரு துளையிட்டு பம்பை அங்கே பொருத்துகிறார்கள். அது ரத்தத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாகப் பெருநாடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வயல்காட்டு மோட்டாரைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை: நடுவில் உறிஞ்சி, சுழற்றி, ஓரத்தில் தள்ளுகிற சென்ட்ரிஃபியூகல் பம்ப்தான்.

ஆனால் தண்ணீர் வேறு, ரத்தம் வேறு. ரத்தத்தில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. இறுக்கமான இடைவெளியில் அகப்பட்டால் நசுங்கும். ஓட்டம் தேங்கினால் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பழைய பம்புகளின் பெரிய தலைவலி இதுதான். இப்போது அதிகம் பயன்படும் ஹார்ட்மேட் 3-ல் சுழலும் சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. உராய்வும் தேய்மானமும் இல்லை. சக்கரத்தைச் சுற்றி ரத்த அணுக்கள் நசுங்காமல் போகும் அளவுக்கு அகலமான இடைவெளி உண்டு. ரத்தம் தேங்காமலிருக்க 2 வினாடிக்கு ஒருமுறை அது தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2017-ல் இதற்கு முதல் அனுமதி கிடைத்தது. மாற்று இதயத்துக்கு வழியில்லாதவர்களுக்குக் கடைசிவரை வைத்துக்கொள்ளும் அனுமதி 2018-ல் வந்தது.

பலன் என்ன? 2001-ல் வெளியான ரீமேட்ச் ஆய்வில், மாற்று அறுவைக்குத் தகுதியில்லாத 129 பேரில் மருந்து மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 25 சதவீதம். அன்றைய முரட்டுப் பம்போடு தாண்டியவர்கள் 52 சதவீதம். ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களில் 5 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 58 சதவீதம் என்று 2022-ல் வெளியான ஆய்வு முடிவு சொல்கிறது. மாற்று இதயம்தான் இன்றும் முதல் தரம். ஆனால் இந்தியா முழுக்கவே ஆண்டுக்கு 200 முதல் 250 வாக்கில்தான் இதய மாற்று அறுவைகள் நடக்கின்றன. தேவையோ பல மடங்கு. வயது அதிகம் என்பதால் பட்டியலிலேயே இடம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஆத்துல முங்க முடியாது

இனி வீட்டுக்கு வருவோம்.

பம்புக்கு மின்சாரம் வேண்டும். அதைக் கொண்டுபோகும் ஒயர் வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தத் துளை ஆயுசுக்கும் முழுசாக மூடாது. உடம்புக்குள் கிருமி நுழைய நிரந்தரமாகத் திறந்திருக்கும் வாசல் அது. கைகழுவி, மாஸ்க் போட்டு, கிருமிநீக்கிய கையுறையோடு சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும். ஒயர் இழுபடாமல் வயிற்றோடு ஒட்டிவைக்க வேண்டும். காயம் நன்றாக ஆறி, டாக்டர் அனுமதித்த பிறகு, பெட்டியைத் தண்ணீர் புகாத பைக்குள் வைத்து ஷவரில் குளிக்கலாம். தண்ணீரில் மூழ்கவே கூடாது.

சென்னை அபார்ட்மெண்ட்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தாமிரபரணிக் கரையில் இதைச் சொல்லிப் பாருங்கள். பாபநாசத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை படித்துறைக்குப் படித்துறை விடிகாலையில் ஆள் இறங்கும் ஊர்கள். "ஆத்துல முங்கி எந்திரிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லி வளர்ந்த மனிதரிடம், இனி ஆறும் கிடையாது, குற்றால சீசனும் கிடையாது என்று சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுப்பவர் கரையோடு நின்று தண்ணீரைத் தெளித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆபரேஷனுக்கு முந்தைய ஆலோசனையில் இதைச் சொல்லாவிட்டால், ஊருக்கு வந்த முதல் மாசமே அவர் ஆற்றில் இறங்கிவிடுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அடுத்தது கரண்ட். பகலில் இரண்டு லித்தியம் பேட்டரிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடமாடலாம். முழுசாக சார்ஜ் ஏறிய ஒரு ஜோடி அதிகபட்சம் 17 மணி நேரம்வரை தாங்கும். ராத்திரி சுவர் பிளக்கில் இணைத்துக்கொண்டு தூங்க வேண்டும். பேட்டரி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதுசு மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒருசேரப் போனால் பெட்டிக்குள் இருக்கும் அவசர பேட்டரி 15 நிமிஷம் கைகொடுக்கும். அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது; ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அந்த ரயிலில் எல்வேட் பொருத்திய ஒருவர் சென்னை செக்-அப்புக்காக ஏறியிருந்தால்? கையில் மூன்று ஜோடி பேட்டரி இருந்தாலும் இரண்டு நாள் கணக்குதான். அவர் அங்கே இருக்கிறார் என்பதே ஹெலிகாப்டர் அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இதைச் சரிசெய்ய ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. வென்டிலேட்டர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், எல்வேட் என்று மின்சாரத்தை நம்பி வீட்டில் உயிர்வாழ்பவர்களின் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திடமும் மின்வாரியத்திடமும் இருக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்த உடனேயே ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கொண்டுவந்துவிட வேண்டும். தாழ்வான தெருக்களில் இருப்பவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றும் அதே வேலைதான். ஒரு பட்டியல் கூடுதல்.

மூன்றாவது, ரத்தம். பம்புக்குள் உறையாமலிருக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அளவு கூடினால் குடலிலும் மூளையிலும் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் எண் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். வால்வு மாற்றியவர்களுக்கு இது பழகிய கதை; நெல்லை லேப்களில் தினமும் நடக்கிற டெஸ்ட்தான். கீரையை ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால் அந்த எண் ஆடும். அதனால் அளவு மாறாமல் சாப்பிடச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். எல்வேட் வைத்தவர்களுக்கு முன்பெல்லாம் கூடவே ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களுக்கு அது தேவையில்லை, நிறுத்தினால் ரத்தக்கசிவு குறைகிறது என்று 2023-ல் வெளியான ஏரீஸ் ஆய்வு காட்டியது. பழைய இதய நோயாளி என்று நினைத்து, உள்ளூரில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஆஸ்பிரினைத் திரும்பச் சேர்த்துவிட்டால் சென்னையில் செய்த வேலைக்கு இங்கே குழிதோண்டியதாகிவிடும். அவரை அழைத்துச் சொல்ல ஒரு போன் நம்பர்கூட இன்று கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டு மாற்ற, பேட்டரி கவனிக்க, ராத்திரி அலாரம் அடித்தால் எழுந்து பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துத்தான் பம்பே பொருத்துவார்கள். நம் வீடுகளில் அந்த ஒருவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மனைவி, இல்லாவிட்டால் மகள், மருமகள். அந்த மனைவிக்கே ஹார்ட் ஃபெயிலியர் வந்தால்? ஹார்ட்மேட் 3-ன் பெரிய ஆய்வில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண். அமெரிக்காவிலேயே நிலைமை அது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு, 'வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறதா?' என்ற கேள்வியே கதவைச் சாத்திவிடும்.

ஒரு கோடியா, ஒரு கைப்பிடி மாத்திரையா?

இங்கே நியாயமான ஒரு எதிர்வாதம் உண்டு. கருவி, அறுவை, ஐ.சி.யூ. எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாயை ஒட்டிப் போகும் என்பதுதான் இந்தியச் செய்திகளில் அடிபடும் கணக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 'ஒருத்தருக்கு ஒரு கோடி செலவழிக்கிற காசுல ஆயிரம் பேருக்கு மாத்திரை கொடுக்கலாமே?'

கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும். நமக்குப் பக்கத்தில் கிடைக்கும் கணக்கு திருவனந்தபுரத்துடையது. 2013-ல் அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. மேலைநாட்டு நோயாளிகளைவிட ஏறக்குறைய பத்து வயது குறைவு. 5 ஆண்டில் 59 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான எண் இது. தளர்ந்த இதயத்துக்குரிய மருந்துகள் முறைப்படி முழுதாகக் கிடைத்தவர்கள் கால்வாசிப் பேருக்கு மேல் இல்லை என்பதுதான் இதில் உறைக்கும் சங்கதி. பொது சுகாதாரத்துக்குப் பேர்போன கேரளத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இருக்கிற ஊரில் நடந்தது இது.

இன்று அந்த நோய்க்கு நான்கு வகை மருந்துகள் உண்டு. நான்கையும் சேர்த்துக் கொடுத்து, சில வாரங்களில் அளவைக் கூட்டிக்கொண்டுபோனால் பலருக்கு இதயமே ஓரளவு மீண்டுவரும். பம்ப் பேச்சே எழாது. விலை அதிகமாக இருந்த மருந்துகள்கூட காப்புரிமை முடிந்து இறங்கிவிட்டன. ஆனால் அளவைக் கூட்டுவதற்கு ரத்த அழுத்தம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துப் பார்த்துச் செய்ய ஒரு ஆள் வேண்டும். மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய் என்று உப்பில் மிதக்கும் நம் சாப்பாட்டைப் பற்றிப் பொறுமையாகப் பேச ஒரு நர்ஸ் வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லி, இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று புரியவைக்க வேண்டும்.

இப்போது பாருங்கள். பம்ப் வைத்தவருக்கு வேண்டியதும் இதே நர்ஸ், இதே டெஸ்ட், இதே போன் நம்பர்தான். 'பம்பா, மாத்திரையா' என்று இரண்டையும் மோதவிடுவது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. ஒரே கிளினிக் இரண்டுக்கும் உதவும். ஆயிரம் பேருக்கு மாத்திரையைச் சரிசெய்யும் அந்த இடம்தான், அவர்களில் யாருக்கு மாத்திரை இனி போதாது என்பதைக் காலத்தோடு கண்டுபிடிக்கும் இடமும்கூட.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. இதயவியல் துறை இருக்கிறது, கேத் லேப் இருக்கிறது, சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடமும் வந்துவிட்டது. அங்கே எல்வேட் அறுவை நாளைக்கே செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்தில் செய்யாமலிருப்பதே நல்லது. நான் கேட்பது சிறியது: வாரம் இரண்டு நாள் ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக், அதற்கென்று பயிற்சி பெற்ற இரண்டு நர்ஸ்கள், துடிப்பில்லாதவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கை டாப்ளர், பம்ப் பொருத்திய மருத்துவமனையோடு நேரடி வீடியோ இணைப்பு, 108 ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி. நாடி இல்லாவிட்டால் பதறாதே, முதலில் 'ம்ம்ம்' சத்தம் கேட்கிறதா பார், ஒயரும் பேட்டரியும் இணைந்திருக்கிறதா பார், பெட்டியில் ஒட்டியிருக்கும் நம்பரைக் கூப்பிடு, அந்தப் பையை விட்டுவிட்டு வராதே. அரை நாளில் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த அரசாங்கத்தால் இதெல்லாம் முடியாத காரியமும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளையும் கொடுக்கிறது. வயிற்றில் குழாயோடு வீட்டில் வாழும் ஒருவரைப் பார்த்துக்கொள்ள அந்தத் திட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும். ஒயரோடு வாழ்பவருக்கு அதையே நீட்டிக்கலாம்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முன்னுதாரணம்

விலை குறையுமா? குறைந்த கதை ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. நெல்லை, தென்காசி, குமரிக்காரர்களுக்கு 'இதயத்துக்குத் திருவனந்தபுரம்' என்பது பழைய பழக்கம். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். வந்தே பாரத்தில் போனாலும் எட்டு மணி நேரம் ஆகிறது. ஸ்ரீ சித்திரை நிலையம் அதில் கால்வாசி தூரம்.

1970, 80-களில் செயற்கை வால்வு எல்லாமே இறக்குமதி. வாதக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன ஏழைக் குழந்தைகளுக்கும் இளம் பெண்களுக்கும் அது எட்டாக்கனி. டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் ஸ்ரீ சித்திரை நிலையம் சொந்தமாக ஒரு வால்வு செய்யக் கிளம்பியது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நாலாவது நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரித்து, சித்ரா வால்வு ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் நெஞ்சில் இடம்பிடித்தது. இறக்குமதி வால்வைவிட விலை வெகுவாகக் குறைவு. அந்த வால்வோடு தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்கள் இன்றும் இருப்பார்கள்.

பம்ப் வால்வைவிடச் சிக்கலானது என்பது உண்மை. ஆனால் பம்ப் தெரிந்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1984-ல் மாரடைப்பு வந்து, மைக்கேல் டிபேக்கியின் மருத்துவமனையில் மாற்று இதயம் பெற்றார் டேவிட் சாசியர் என்ற நாசா இன்ஜினீயர். தேறி வந்ததும், ராக்கெட் இன்ஜின் பம்ப் செய்கிற ஆட்களால் இதய பம்ப் செய்ய முடியாதா என்று சக இன்ஜினீயர்களோடு டிபேக்கி குழுவுடன் சேர்ந்து இறங்கினார். ரத்த அணுக்கள் எங்கே நசுங்குகின்றன என்பதைக் கண்டுபிடிக்க, விண்வெளி ஓடத்தின் இன்ஜினுக்குள் எரிபொருள் ஓட்டத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டர் முறையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பம்ப் 1998-ல் ஐரோப்பாவில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

நம் கிரையோஜெனிக் இன்ஜின்கள் சோதிக்கப்படுவது நெல்லை மாவட்ட மகேந்திரகிரியில். திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இதய பம்ப் ஒன்றை உருவாக்கி, விலங்குகளில் சோதித்ததாகப் பத்தாண்டுகளுக்கு முன்பு செய்தி வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி. 2021-ல் 'ஹிருதயந்திரா' என்ற பெயரில் தனித்திட்டம் தொடங்கியது. சீனா சொந்தப் பம்புகளுக்கு அனுமதி கொடுத்துப் பயன்படுத்தவே ஆரம்பித்துவிட்டது. மெட்ரானிக் தன் ஹார்ட்வேர் பம்பை 2021 ஜூனில் விற்பனையிலிருந்து எடுத்த பிறகு, மேலை நாடுகளில் பெரியவர்களுக்கான நீண்டகாலப் பம்ப் சந்தை ஏறக்குறைய ஒரே கம்பெனியின் கையில். ஒரே கடைக்காரர் இருக்கும் தெருவில் விலை தானாக இறங்காது. இந்தியப் பம்ப் வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் அது மனிதர்களில் சோதிக்கப்படும் நாளில், ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று யார் பார்த்துச் சொல்வார்கள்? மறுபடியும் அந்த மாவட்டக் கிளினிக்தான்.

இதைப் படிப்பவர்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, அப்பா அம்மாவை வள்ளியூரிலோ சேரன்மகாதேவியிலோ விட்டுவந்தவர்களாக இருப்பீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களுடைய எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து 'ஈ.எஃப்.' என்ற எண்ணைப் பாருங்கள். 40-க்குக் கீழே இருந்தால், நான்கு வகை மருந்தும் எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். அது வீம்பு இல்லை. நல்ல டாக்டர் காரணம் சொல்வார்.

ஏற்கெனவே மருந்தில் இருப்பவர் என்றால் கவனிக்க வேண்டியவை வேறு. ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்ததா? நீர் பிரிக்கும் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறதா? பிரஷர் 90-க்குக் கீழே இறங்குகிறது என்று இதய மாத்திரைகளைக் குறைத்தார்களா? கிரியாட்டினின் ஏறுகிறதா? குளித்துத் துணி மாற்றுவதற்குள் மூச்சு வாங்குகிறதா? இதில் ஒன்றிரண்டு பொருந்தினாலே, பம்பும் மாற்று அறுவையும் செய்யும் மருத்துவமனை ஒன்றில் ஒருமுறை காட்டிவிடுங்கள். முதலில் ரிப்போர்ட்களை அனுப்பியாவது கேளுங்கள். காட்டினால் ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. மருந்தை மாற்றி அனுப்பிவிடவும் கூடும். எல்வேட் இடது பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். வலது பக்க இதயமும் தளர்ந்து, சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டு, உடம்பு மெலிந்த பிறகு கொண்டுபோனால், பம்பும் பணமும் தயாராக இருந்தாலும் அங்கே கைவிரித்துவிடுவார்கள்.